காக்கையும் பனம்பழமும் வைஃபையும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்னும் பழமொழியை நீங்கள் அறிவீர்கள். காக்கை வந்து உட்கார்ந்தது. உடனே பழம் விழுந்தது. ஆகவே காக்கைதான் பழத்தைத் தள்ளியது என்று பார்ப்பவர் எண்ணிவிடுகிறார். பழத்தின் காம்பு முன்பே அற்றுப்போயிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. ஒன்றன் பின் ஒன்று நிகழ்வதாலேயே முன்னது காரணம், பின்னது விளைவு என்று ஆகிவிடாது. இயற்பியல் கற்பிக்கும் நானே அண்மையில் இப்பாடத்தை மறந்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே கூறப்போகிறேன்.

நடந்தது என்ன?

ஓமலூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு ரௌட்டர் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியை வாங்கி, வானொலி அலைகளாக்கி, வீட்டிலுள்ள கைபேசிகளுக்கும் கணிப்பொறிக்கும் வழங்கும் சிறு பெட்டி அது. அதற்குள் சில்லும் மின்சுற்றும் மட்டுமின்றி, அவை எப்படி இயங்கவேண்டும் என்று சொல்லும் ஆணைத்தொகுதியும் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். இதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். தயாரிப்பாளர்கள் அவ்வப்போது திருத்திய ஃபர்ம்வேரை அனுப்புவார்கள்.

ஒரு சனிக்கிழமை இரவு அப்படி ஒரு திருத்தம் வந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. அனுமதி கொடுத்தேன். மறுநாள் முதல் மாடியறையில் வைஃபை தடுமாறத் தொடங்கியது. அப்போது என் அக்கா மகள் பிளஸ் டூ முடித்து, எங்கள் வீட்டில் தங்கி, பொறியியல் கலந்தாய்வுக்கான கல்லூரி விருப்பப் பட்டியலை இணையத்தில் பதிந்துகொண்டிருந்தாள். எந்தக் கல்லூரியை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்று யோசித்து யோசித்து அடுக்கிய வரிசை அது. சேமிக்கும் பொத்தானை அழுத்தும் நேரத்தில் இணைப்பு அறுந்தது. வரிசை பதிவாயிற்றா, இல்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை. கெடு நாளோ நெருங்கிவிட்டது.

“மாமா, நேத்து ராத்திரி நீங்க எதையோ அமுக்கினீங்களே, அதிலிருந்துதான் இப்படி” என்றாள். எனக்கும் அப்படியே பட்டது. கல்லூரியில் சக ஆசிரியர் இருவரிடம், “ரௌட்டருக்குத் திருத்தம் வந்தால் போட்டுவிடாதீர்கள்” என்று அறிவுரையும் கூறிவிட்டேன். கைபேசிக் கடைத் தம்பி, “பழைய ஃபர்ம்வேரையே ஏத்திடலாம் சார்” என்றார். அப்படி ஏற்றும்போது நடுவில் மின்சாரம் போனால், ஆணைத்தொகுதி அரைகுறையாக நின்று, பெட்டி எழாமலே போகலாம். இத்தனை துணிச்சலான சிகிச்சைக்கு முன் நோய் இன்னதென்று அறியவேண்டாமா?

முதல் கேள்வி: கம்பியா, காற்றா?

இணையம் தடுமாறுகிறது என்றால் கோளாறு வெளிக்கம்பியில் இருக்கலாம். ரௌட்டரிலிருந்து நம் கருவிவரை உள்ள வானொலி வழியிலும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது எளிது. கணிப்பொறியை ஒரு கேபிளால் நேரே ரௌட்டருடன் இணைத்தோம். தடுமாற்றம் அறவே இல்லை. என் அக்கா மகள் ரௌட்டரின் அருகே பாயைப் போட்டு அமர்ந்து, பட்டியலைத் திறந்து பார்த்தாள். பாதிதான் பதிவாகியிருந்தது. மீதியை முடித்துவிட்டு எழுந்தாள். அவளுடைய அவசரம் தீர்ந்தது; எங்கள் ஆராய்ச்சி தொடங்கியது.

கணிப்பொறியில் பிங் என்றொரு கட்டளை உண்டு. அது ரௌட்டருக்குச் சிறு செய்தி ஒன்றை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும். வைஃபையில் ஒரு செய்தி கெட்டுப்போனால் கருவி தானே மறுபடியும் சிலமுறை அனுப்பிப் பார்க்கும். ஆகவே பழுது முதலில் தாமதமாகத்தான் தெரியும். மிகவும் முற்றினால்தான் பதிலே வராமல் போகும். நாங்கள் பதில் வராதவற்றையும், 100 மில்லிவினாடிக்கு மேல் தாமதித்து வந்தவற்றையும் ‘தவறு’ என்று எண்ணினோம். ஒவ்வொரு சோதனையிலும் 300 செய்திகள்.

கேபிளில் தவறு 0. வைஃபையில் ரௌட்டருக்கு ஒரு மீட்டர் தொலைவில் 15. மாடியறையில் முற்பகல் 11 மணிக்கு 42. அதே மாடியறையில் இரவு 8 மணிக்கு 114!

இந்தக் கடைசி இரண்டு எண்களைக் கவனியுங்கள். ஃபர்ம்வேர் காலையிலும் இரவிலும் ஒன்றேதான். பின் இரவில் மட்டும் தவறு ஏன் மும்மடங்காக வேண்டும்? இரவு 8 மணிக்கு மாறுவது எங்கள் ரௌட்டரன்று, எங்கள் தெரு. எல்லோரும் வீடு திரும்பி, எல்லா ரௌட்டர்களும் வேலை செய்யும் நேரம் அது.

ஒரே வெளியில் பல குரல்கள்

எங்கள் பழைய கணிப்பொறி 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை மட்டுமே அறியும். இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இப்பட்டையில் குறைந்த திறன் கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 2018ஆம் ஆண்டில் இவ்வாறே பரந்த இடம் திறந்துவிடப்பட்டது. உரிமம் வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் பிறர் குறுக்கிட்டால் பாதுகாப்புக் கோரும் உரிமையும் இல்லை. ஊர்ப் பொதுக் கிணறு போன்றது அது. எல்லோரும் இறைக்கலாம், எவரும் தனக்கே என்று கொண்டாட முடியாது.

இப்பட்டையில் 1 முதல் 13 வரை எண்ணிட்ட தடங்கள் உள்ளன. இவற்றைச் சேனல் என்பார்கள். அடுத்தடுத்த தடங்களின் நடுப்புள்ளிகளுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிதான் உண்டு. ஆனால் ஒரு வைஃபை அலைக்கு ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. எனவே அடுத்தடுத்த தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்; 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும்.

ஓமலூர்ப் பேருந்து நிலையத்தில் சேலம், மேட்டூர், தருமபுரி என்று நடத்துநர்கள் ஒரே நேரத்தில் கூவினால் எதுவும் காதில் விழாது. ஒருவர் கூவி முடித்தபின் அடுத்தவர் கூவினால் மூன்றும் விளங்கும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971இல் தீவுகளுக்கிடையே வானொலி வழியாகக் கணிப்பொறிகளை இணைத்தபோது, அவரவர் விரும்பிய நேரத்தில் அனுப்பலாம். மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பலாம் என்று வைத்தார்கள். அலோஹா எனப்பட்ட அந்த எளிய முறையில் தடத்தின் கொள்ளளவில் சுமார் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்த இயலாது என்று கணிதம் காட்டியது. வைஃபை இன்னும் நாகரிகமானது. முதலில் காது கொடுத்துக் கேட்கும். வேறு குரல் இருந்தால் காத்திருக்கும். ஓய்ந்தபின் சிறிது நேரம் தற்செயலாகக் கணித்துப் பொறுத்து, அதன்பின் பேசும். ஆகவே கூட்டம் மிகுந்தால் காத்திருப்பும் மிகும்.

ரௌட்டர் வந்த நாளில் அதன் அமைப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தடம் 1, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இப்போது பார்த்தால் இரண்டும் மாறியிருந்தன! திருத்தம் ஏறியபோது அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பி, ரௌட்டர் தானாகவே தடம் 6ஐத் தேர்ந்து, அகலத்தை 40 ஆக்கிக்கொண்டிருந்தது. கைபேசிச் செயலியால் சுற்றுப்புறத்தை அலசியதில் தடம் 6இல் அண்டைவீட்டு ரௌட்டர்கள் மூன்று தெரிந்தன. அகலமான தடம் அமைதியான இடத்தில் வேகம் தரும். ஆனால் 83.5 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 40ஐ ஒருவரே விரித்துக்கொண்டால், பாதித் தெருவின் குரலும் அவர் காதில் விழும். அவர் குரலும் பாதித் தெருவுக்குத் தொல்லையாகும்.

மறந்துபோன பீரோ

அப்படியானால் குற்றவாளி அகப்பட்டான் என்று கூறிவிடலாமா? இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதே சனிக்கிழமை பகலில் கூடத்துக்கு வெள்ளையடித்தோம். அப்போது நகர்த்திய இரும்பு பீரோ ரௌட்டருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள்! ஒன்றுதான் நினைவில் நின்றது.

பீரோ அலையை எவ்வாறு மறைக்கும்? ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது 12.5 செ.மீ. நான் சிறுவயதில் கேட்ட திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 320 மீட்டர். அத்தனை நீண்ட அலைக்கு ஒரு பீரோ துரும்பு, வளைந்து கடந்துவிடும். 12.5 செ.மீ. அலைக்கோ பீரோ ஒரு பெரும் சுவர். அலை உலோகப் பரப்பில் எதிரொளிக்கப்பட, பின்புறம் நிழல் விழுகிறது.

கைபேசிச் செயலி மாடியறையில் −72 டிபிஎம் காட்டியது. ரௌட்டரைப் பீரோவின் உச்சியில் தூக்கி வைத்ததும் −63 ஆயிற்று. இது மடக்கை அளவு. 10 கூடினால் திறன் பத்து மடங்கு. 9 கூடினால் ஏறத்தாழ எட்டு மடங்கு.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

“எல்லாத்தையும் ஒரே அடியா மாத்திட்டா வேலை முடிஞ்சுதே, மாமா?” என்று என் அக்கா மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. வைஃபை சீராகிவிடும். ஆனால் எதனால் சீரானது என்று தெரியாது; அடுத்தமுறை கோளாறு வந்தால் மறுபடியும் இருட்டில்தான் தடவவேண்டும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் பழைய நிலைக்குத் திரும்பி, ஒன்றை மட்டும் மாற்றினோம். மாடியறை, இரவு ஏழரை முதல் ஒன்பதுக்குள், 300 செய்திகளில் தவறு:

எதையும் மாற்றாதபோது: 114
தடத்தை மட்டும் 1க்கு மாற்றியபோது: 63
அகலத்தை மட்டும் 20 ஆக்கியபோது: 81
ரௌட்டரை மட்டும் உயர்த்தியபோது: 72
மூன்றையும் மாற்றியபோது: 9
மூன்றையும் பழையபடி கெடுத்தபோது: 108

கடைசிச் சோதனையை வீண்வேலை என்று எண்ணாதீர்கள். காரணத்தை நீக்கினால் விளைவு நீங்கவேண்டும். மீண்டும் கொணர்ந்தால் விளைவும் மீளவேண்டும். அப்போதுதான், நாம் சோதித்த வேளையில் அண்டைவீட்டார் உறங்கப் போய்விட்டதால் நிலைமை சீராயிற்றோ என்னும் ஐயம் தீரும்.

இன்னோர் எச்சரிக்கை. தற்செயலாக நிகழ்பவற்றை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்காவது ஏற்ற இறக்கம் இருக்கும். 81இன் வர்க்கமூலம் 9. ஆகவே 81க்கும் 72க்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, அகலத்தைவிட பீரோவே பெரிய குற்றவாளி என்று தீர்ப்புக் கூறலாகாது. ஆனால் 114க்கும் 9க்கும் உள்ள வேறுபாடு தற்செயலன்று.

யார் மீது பழி?

திருத்தம் முற்றிலும் குற்றமற்றது அன்று, அமைப்புகளை மாற்றிவிட்டது. முழுக் குற்றவாளியும் அன்று. பீரோவுக்கும் தெருவின் நெரிசலுக்கும் பங்குண்டு. பழைய ஃபர்ம்வேரை ஏற்றியிருந்தால் ஒருவேளை தடம் மாறி, கோளாறு பாதி குறைந்திருக்கும். “பார்த்தீர்களா, திருத்தம்தான் காரணம்” என்று நான் இன்னும் உறுதியாக நம்பியிருப்பேன். அரைகுறை வெற்றி தரும் தவறான நம்பிக்கை, தோல்வியைவிடக் கெட்டது.

அந்நம்பிக்கையால் கேடும் விளையும். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹோஃப், வைஃபைச் செய்திகளைக் காக்கும் பூட்டில் ஒரு விரிசல் இருப்பதை 2017 அக்டோபரில் வெளியிட்டார். அதை அடைத்தவை இத்தகைய திருத்தங்களே. 2018 மே மாதத்தில், விபிஎன்ஃபில்ட்டர் என்னும் தீய நிரல் 54 நாடுகளுக்குக் குறையாமல், சுமார் 5 இலட்சம் ரௌட்டர்களிலும் அதுபோன்ற கருவிகளிலும் புகுந்திருப்பது தெரியவந்தது. திருத்தமே வேண்டாம் என்பவர், காற்று வருகிறதே என்று கதவைத் திறந்தபடியே விட்டு ஊருக்குப் போகிறவர்.

மறுநாள் கல்லூரியில் அவ்விரு ஆசிரியர்களையும் தேடிப்போய், என் அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். “திருத்தத்தைப் போடுங்கள். ஆனால் அதற்குமுன் தடம், அகலம் முதலியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள்” என்று புதிய அறிவுரை கூறினேன்.

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ வைஃபை இருந்தால், பெரியவர்களின் அனுமதியுடன் கைபேசிச் செயலியால் ஒவ்வோர் அறையிலும் டிபிஎம் அளவைக் குறியுங்கள். கைபேசியை மூன்று மூன்று செ.மீ. நகர்த்தி அளவு மாறுகிறதா என்று பாருங்கள். சுவரில் எதிரொளித்த அலையும் நேரே வந்த அலையும் கூடும் இடமும் கழியும் இடமும் கால் அலைநீளத் தொலைவில் அமையக்கூடும், 12.5 செ.மீ.இல் கால் பங்கு எவ்வளவு? காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் அளந்து, ஒரு நோட்டில் நாளும் நேரமும் இட்டு எழுதி வையுங்கள்.

அந்த நோட்டு எங்களிடம் இல்லாதிருந்தால் தடம் மாறியதை நாங்கள் அறிந்தே இருக்கமாட்டோம். நோட்டின் அடுத்த பக்கத்தில் என் அக்கா மகள் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: ‘பீரோவை நகர்த்தினால் அதையும் எழுதவும்.’