கன்சோலில் உட்கார்ந்து கேட்போம்: லைன் இருக்கா, இல்லையா?



லேபில் "கனெக்‌ஷன் இல்லை" என்று வந்தவுடன் நம்மில் பாதிப் பேர் செய்கிற முதல் காரியம், கேபிளைப் பிடுங்கித் திரும்பச் சொருகுவதுதான். சில நேரம் அது பலிக்கவும் செய்யும். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். அதை ரூட்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன்.

கன்சோல் போர்ட் ஒரு தனி வாசல். நெட்வொர்க் முழுக்கப் படுத்துவிட்டாலும் இது திறந்திருக்கும், ஏனென்றால் இதற்கு ஐ.பி. முகவரியே தேவையில்லை. சிஸ்கோ ரூட்டருக்குப் பொதுவாக வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1 என்று வைக்க வேண்டும். திரையில் குப்பை எழுத்து ஓடினால் பெரும்பாலும் வேகம்தான் பொருந்தவில்லை.

முதல் கட்டளை 'ஷோ ஐ.பி. இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்'. 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்' என்றால் யாரோ வேண்டுமென்றே மூடியது அல்லது இன்னும் திறக்கவே இல்லை. 'நோ ஷட்டவுன்' கொடுத்தால் போதும். 'டவுன், டவுன்' என்றால் கேபிளைப் பார். சீரியல் லைனில் 'அப், டவுன்' என்றால் கம்பி இருக்கிறது, பேச்சுதான் ஒத்துப்போகவில்லை. இரண்டு முனையிலும் என்கேப்சுலேஷனைச் சரிபார்க்கவும்.

அடுத்தது பிங். இதை 1983 டிசம்பரில் எழுதியவர் அமெரிக்காவின் மைக் மூஸ். சிஸ்கோ ரூட்டர் ஐந்து பாக்கெட் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி காத்திருக்கும். ஆச்சரியக்குறி வந்தால் பதில் வந்தது, புள்ளி வந்தால் வரவில்லை. முதலில் ஒரு புள்ளி, பிறகு நான்கு ஆச்சரியக்குறி வந்தால் பதறாதீர்கள். பக்கத்து மெஷினின் மேக் முகவரியை ஏ.ஆர்.பி. தேடி முடிப்பதற்குள் முதல் பாக்கெட் தவறிவிடும், அவ்வளவுதான். பக்கத்து ரூட்டரில் தொடங்கி ஒவ்வொரு படியாகத் தூரம் போகணும்.

நான் ஓவேலி எஸ்டேட் பையன். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுவது எங்களுக்குப் புதிதல்ல. மெஷினுக்கு நெட் இல்லை என்றால் இலை பறிக்கிற வேலையை அரைநாள் விட்டுப் போன அம்மா வெறும் பையோடு திரும்புவார். அரைநாள் கூலியும் போச்சு, அரிசியும் இல்லை. எங்க வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் "நெட் ஏன்டா வரலை?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். எந்த இடத்தில் அறுந்தது என்று தெரிந்தால்தானே ஆளை அனுப்ப முடியும்?

அதைக் காட்டுவதுதான் டிரேஸ்ரூட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டி.டி.எல். என்று ஒரு எண் உண்டு. ரூட்டரைக் கடக்கும்போதெல்லாம் அதில் ஒன்று குறையும். பூஜ்யமானால் அந்த ரூட்டர் பாக்கெட்டைத் தள்ளிவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். 1, 2, 3 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் வழியிலுள்ள ரூட்டர்கள் வரிசையாகப் பெயர் கொடுக்கும். நட்சத்திரக்குறி எங்கிருந்து தொடர்ந்து வருகிறதோ, அதை ஒட்டித் தேடணும். ஆனால் சில ரூட்டர்கள் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்ததுமே லைன் போச்சு என்று முடிவு கட்டக் கூடாது.

வைவாவில் கேட்கக்கூடிய விஷயம் ஒன்று. ரூட்டரிலிருந்து பிங் போகிறது, உள்ளேயிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து போகவில்லை. ஏன்? கூடலூரிலிருந்து ஓவேலிக்கு வந்த பஸ் திரும்பிப் போக வேண்டாமா? அதேபோல எதிர்முனை ரூட்டருக்கு நம் உள் நெட்வொர்க்கின் வழியும் தெரிய வேண்டும். வெறும் 'பிங்' என்று மட்டும் அடித்து என்டர் தட்டினால் கேள்விகள் கேட்கும். எக்ஸ்டெண்டட் கமாண்ட்ஸ் என்பதற்கு 'எஸ்' கொடுத்து, சோர்ஸ் என்ற இடத்தில் உள் இன்டர்ஃபேஸ் முகவரியைக் கொடுங்கள். இப்போது புள்ளியாக வந்தால், எதிர்முனையில் 'ஷோ ஐ.பி. ரூட்' பார்க்கவும்.

டிரேஸ்ரூட் நட்சத்திரமாகவே ஓடிக்கொண்டிருந்தால் ரூட்டரை ஆஃப் பண்ணாதீங்க. கன்ட்ரோல், ஷிப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும்.