தோல் பையைத் தீக்குச்சியால் சோதிக்காதீர்கள்

தோல் பர்ஸோ பெல்ட்டோ வாங்கப் போகிறேன் என்று சொன்னால், யாராவது ஒருவர் தவறாமல் யோசனை சொல்வார்: "ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டிப் பார். முடி கருகும் வாடை வந்தால் அசல். உருகினால் ரெக்சின்." தோல் பொருட்களைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் அதிகம் பரவியதும், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

தோல் எரிந்தால் முடி கருகும் வாடை வரும் என்பது மெய். ஆனால் மாட்டுத்தோலும் எருமைத்தோலும் தடிமனானவை. தொழிற்சாலையில் இயந்திரத்தில் கொடுத்து அடுக்குகளாகப் பிளக்கிறார்கள். அடியடுக்கின் மேல் பாலியூரித்தேன் பூச்சு ஏற்றி விற்பதும் உண்டு. அதுவும் தோல்தான், ஆனால் நெருப்பு பட்டால் பூச்சு உருகும். தோல் துணுக்குகளை அரைத்துப் பசையில் குழைத்துத் தகடாக்கும் ‘பாண்டட் லெதர்’ முடி வாடையோடு கருகும். நம்பி வாங்கினால் சில வருடங்களில் செதில் செதிலாக உதிரும். தீக்குச்சி இரண்டு பக்கமும் பொய் சொல்கிறது, பொருளும் பாழ்.

பார்க்க வேண்டியது வெட்டு ஓரத்தை. நல்ல தோலில் நார்கள் மேலே நெருக்கமாகவும், கீழே போகப்போகத் தளர்வாகவும் பின்னிக் கிடக்கும். ரெக்சினில் பூச்சுக்கு அடியில் துணியின் இழை தெரியும். ஓரத்தைச் சாயம் பூசி மூடியிருந்தால் அதே தோலின் வெட்டுத்துண்டு ஒன்றைக் கேளுங்கள். கையால் செய்பவரின் மேசையடியில் அது எப்போதும் கிடக்கும்.

‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரையும் உயர்தரத்துக்குச் சான்று அல்ல. தோல் என்பதை மட்டும் அது சொல்கிறது, எந்த அடுக்கு என்று சொல்வதில்லை. மயிர்க்கண்கள் உள்ள மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்ட தோலுக்கு ‘ஃபுல் கிரெய்ன்’ என்று பெயர். அதைக் கேட்டு வாங்குங்கள்.

"கீறலும் புள்ளியும் இருந்தால் இரண்டாம் தரம்" என்று ஒதுக்குகிறவர்கள் பலர். மாடு வேலியில் உரசியிருக்கும், உண்ணி கடித்திருக்கும், கழுத்து மடிப்பில் கோடுகள் விழுந்திருக்கும். இவற்றை மறைக்கத்தான் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, சாயம் ஏற்றி, அச்சுத் தகட்டால் செயற்கைத் தோற்றம் அழுத்துகிறார்கள். பை முழுவதும் ஒரே வடிவம் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் அச்சு.

கைவேலைக்காரரின் திறமை தையலுக்கு முன்பே, வெட்டும்போதே தெரிந்துவிடும். முழுத்தோலை விரித்து, கையால் தடவி, வடுக்களைக் குறித்துக்கொள்வார். முதுகுப் பகுதி கெட்டி. வயிற்றுப் பகுதி இளகல், இழுத்தால் நீளும். பெல்ட்டை முதுகெலும்பின் போக்கிலேயே வெட்டுவார். வயிற்றுப் பக்கம் வெட்டிய பெல்ட் நாளடைவில் நீண்டு, துளைகள் முட்டை வடிவாகிவிடும். நல்ல பெல்ட்டின் விலையில் அவர் தொடாமல் ஒதுக்கிய தோலின் விலையும் சேர்ந்திருக்கிறது.

அடுத்தது, "குரோம் தோல் விஷம், மரப்பட்டைத் தோல் சுத்தம்" என்ற நம்பிக்கை. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். கொடியது ஆறு இணைதிறன் குரோமியம். பதனிடுவதில் குறை இருந்தால் முன்னது பின்னதாக மாறலாம். அதனால்தான் உடம்பில் படும் தோல் பொருட்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் கட்டுப்படுத்துகிறது. மரப்பட்டை முறை நமக்குப் புதிதல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஆனால் பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பு வேண்டும், மயிர் நீக்கச் சுண்ணாம்பு வேண்டும். எந்த முறையில் பதனிட்டாலும் இவை கழிவுநீரில் சேரும், பட்டை முறையில் பட்டைச் சாறும் சேரும். தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் ‘மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும்’ என்ற தீர்ப்பு வந்தது. பட்டைத் தோல் என்பதாலேயே ஆறு பிழைத்துவிடாது. கழிவுநீரைச் சுத்திகரித்தார்களா என்பதே கேள்வி.

எதற்கு எந்தத் தோல் என்பதும் முக்கியம். பெல்ட், கத்தியுறை, சித்திரம் பதிக்கும் வேலை ஆகியவற்றுக்குப் பட்டைத் தோல். ஓரத்தை ஈரப்படுத்தி மரக்கட்டையால் தேய்த்தால் பளபளக்கும். மென்மையான பைக்கும் மழையில் நனையும் ஷூவுக்கும் குரோம் தோலே மேல்.

"கைத்தையல் எல்லாமே உறுதி" என்பது பாதி உண்மை. நல்ல கைத்தையலில் மெழுகு ஏற்றிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி இருக்கும். குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராக நுழைந்து வரும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் பிடித்துக்கொள்ளும். இயந்திரத்தில் மேல்நூலும் அடிநூலும் கோத்து நிற்பதால், ஒன்று அறுந்தால் பிரிந்துகொண்டே போகலாம். ஒற்றை ஊசியால் ஓட்டிய கைத்தையலுக்கோ இந்த உறுதி கிடையாது.

தண்ணீர் பட்டால் தோல் செத்துவிடாது. பட்டைத் தோலை நனைத்துத்தான் அச்சில் வளைக்கிறார்கள். கெடுப்பது வெயிலிலும் ஹேர் டிரையரிலும் அவசரமாகக் காயவைப்பது. நிழலில் மெல்லக் காயட்டும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். தோல் கறுத்துத் தொளதொளத்துப் போகும், ஊறிய எண்ணெயை எடுப்பதும் எளிதல்ல. பிளாஸ்டிக் கவரில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பருத்தித் துணி போதும்.

கடைசியாக, "செருப்புத் தைக்கிறவருக்கு என்ன தெரியும்" என்ற நினைப்பு. இது அறியாமை மட்டுமல்ல, சாதி இந்தத் தொழில்மீது சுமத்திய இழிவு. கோலாப்பூரி செருப்புக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025இல் பிராடா நிறுவனம் மிலானில் அதே வடிவச் செருப்பைக் காட்டி, எதிர்ப்பு எழுந்த பிறகே அது இந்தியக் கைவினைஞர்களின் மரபு என்று ஒப்புக்கொண்டது. நம் தெருமுனையில் குடைக்கடியில் உட்கார்ந்திருப்பவரின் கையிலும் அப்படியொரு தேர்ச்சி உண்டு. தையல் விட்ட நல்ல பையைத் தூக்கி எறியாதீர்கள், பழைய துளைகளிலேயே அவர் மறுபடி தைத்துத் தருவார். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.