19 ஆண்டு காத்திருந்த தீர்ப்பு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீதிபதி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நீ, அமர்வில் மற்ற எல்லோரும் ஒரு பக்கம் நிற்கும்போது ஒருவர் மட்டும் தனித் தீர்ப்பு எழுதுவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதிலாக ஒரு நீதிபதியின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அவர் பெயர் ராஜர் ட்ரெய்னர். 1940 முதல் 1970 வரை கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர். 1964 முதல் தலைமை நீதிபதி.

யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி என்ற சுரங்க ஊரில் 1900-இல் பிறந்தவர். பெர்க்லியில் படித்து, அங்கேயே சட்டப் பேராசிரியரானார். வரிச் சட்டத்தில் கைதேர்ந்தவர். கீழ் நீதிமன்றத்தில் ஒரு நாள்கூட நீதிபதியாக இருந்ததில்லை; ஆளுநர் கல்பர்ட் ஓல்சன் அவரை நேரே ஏழு பேர் கொண்ட உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். அந்த மாநிலத்தில் நியமனம் கிடைத்தால் மட்டும் போதாது. நீதிபதி பதவியில் நீடிக்கலாமா என்று மக்களும் வாக்களிப்பார்கள். 1986-இல் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டும் இன்னும் இருவரும் அப்படித்தான் பதவி இழந்தார்கள். அந்த நாற்காலியில் இருந்துகொண்டுதான் ட்ரெய்னர் எழுதினார்.

1944-இல் வந்தது எஸ்கோலா வழக்கு. மெர்சட் ஊரில் ஓர் உணவகப் பரிசாரகி கோக்க கோலா பாட்டில்களைக் குளிர்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்றை வைத்துவிட்டு நான்காவதை எடுத்தபோது அது கையிலேயே வெடித்தது. ஐந்து அங்குல வெட்டு. கட்டைவிரலின் நரம்பும் தசையும் அறுந்தன. பாட்டிலில் நிரப்பிய நிறுவனத்தின் கவனக்குறைவைச் சூழ்நிலையிலிருந்தே ஊகிக்கலாம் என்று நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முடிவை ஏற்ற ட்ரெய்னர், காரணத்தை மட்டும் ஏற்கவில்லை. கவனக்குறைவு என்ற போர்வை எதற்கு என்று கேட்டார். பொருளில் என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று தயாரிப்பாளருக்குத் தெரியும். வாங்குகிறவருக்குச் சோதித்துப் பார்க்க வழியில்லை. காயத்தின் செலவு ஒரு குடும்பத்தை முறித்துவிடும்; நிறுவனமோ காப்பீடு எடுத்து அதை விலையில் பரப்பிவிடலாம். ஆகவே குறையுள்ள பொருளைச் சந்தைக்கு அனுப்பியவர், தவறு நிரூபணமாகாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதினார். மற்ற நீதிபதிகளில் ஒருவர்கூட அதில் சேரவில்லை.

1963-இல் கிரீன்மேன் வழக்கு. மனைவி பரிசாகக் கொடுத்த மரவேலை இயந்திரத்தில் ஒருவர் கடைசல் வேலை செய்தபோது, மரத்துண்டு தெறித்து நெற்றியில் அடித்தது. இந்த முறையும் எழுதியவர் ட்ரெய்னர். ஆனால் முழு அமர்வும் அவரோடு நின்றது. 19 ஆண்டுகளுக்கு முன் தனியாக எழுதியது மாநிலத்தின் சட்டமானது. மற்ற மாநிலங்களும் அடுத்தடுத்து அந்த வழிக்கு வந்தன.

பெரஸ் வழக்கையும் சொல்ல வேண்டும். மெக்சிகோ வம்சாவளிப் பெண்ணான ஆண்ட்ரியா பெரஸ் சட்டத்தின் கண்ணில் வெள்ளையர். கறுப்பினத்தவரான சில்வெஸ்டர் டேவிஸை மணக்க அவருக்கு லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அலுவலகம் உரிமம் மறுத்தது. வெவ்வேறு இனத்தவர் மணப்பதைத் தடுத்த மாநிலச் சட்டம் 1948-இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் விழுந்தது. முதன்மைத் தீர்ப்பு ட்ரெய்னருடையது. மணக்கும் உரிமை தனிமனிதருடையது, இனக் குழுவுடையதல்ல என்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் லவிங் வழக்கில் நாடு முழுவதற்கும் இதையே சொன்னது 1967-இல்.

தனக்கு எதிராகவும் அவர் எழுதியிருக்கிறார், மருமகனே. காவல்துறை சட்டத்தை மீறி எடுத்த சாட்சியமும் செல்லும் என்று 1942-இல் கொன்சாலஸ் வழக்கில் தீர்ப்பெழுதியவர் அவரேதான். அதன்பின், அத்துமீறிக் கைப்பற்றிய சாட்சியம் அன்றாட வழக்கம்போல நீதிமன்றத்துக்கு வந்துகொண்டே இருப்பதைப் பார்த்தார். 1955-இல் கேஹன் வழக்கில், குதிரைப் பந்தயச் சூதாட்டத்தைப் பிடிக்கக் காவலர்கள் வீட்டுக்குள் புகுந்து ஒலிவாங்கியை ஒளித்து வைத்திருந்தார்கள். மற்ற எந்தப் பரிகாரமும் காவல்துறையைக் கட்டுப்படுத்தவில்லை என்று காரணம் காட்டி, தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்றினார்.

இந்தத் தீர்ப்புகளில் நீ கவனிக்க வேண்டியது காரணத்தை. யார் வென்றார் என்பதோடு நிற்காமல், ஏன் என்பதை எதிர்த்தரப்பு வக்கீலும் பின்தொடரும்படி அவர் எழுதினார். அதனால்தான் 1944-இல் துணையில்லாத வாதத்தை 1963-இல் மற்றவர்களால் அப்படியே எடுத்துக்கொள்ள முடிந்தது. நீயும் கீழ் நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஒரு நாளைக்குப் பத்து உத்தரவு பிறப்பிக்கும்போது, 'மனு தள்ளுபடி' என்ற ஒற்றை வரியோடு யாரையும் அனுப்பிவிடாதே. தோற்றவருக்குத்தான் காரணம் அதிகம் தேவை.

நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதையும் எஸ்கோலா வழக்கில் ட்ரெய்னர் எழுதியதையும் இந்த வாரம் அருகருகே வைத்துப் படி. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா