லிட்டில் கிட்டிங் என்னும் சிற்றூர்

இங்கிலாந்தில், பண்டை ஹண்டிங்டன்ஷயரைச் சார்ந்த லிட்டில் கிட்டிங், சில வீடுகளும் ஒரு சிறு தேவாலயமுமே உடையதோர் குக்கிராமம். வர்ஜீனியாக் கம்பெனி 1624-இல் கலைக்கப்பட்டபின், அதன் அலுவல்களில் முன்னின்றுழைத்த நிக்கலஸ் பெரார் என்பார் லண்டன் வாழ்வைத் துறந்து, தாயார், உடன்பிறந்தார் முதலியோருடன் ஈண்டுக் குடிபுகுந்தார். அக்காலை அவ்வாலயம் வைக்கோல் அடைக்கும் களஞ்சியமாயிருந்தது. வீட்டைச் செப்பனிடுமுன் அதனையே துப்புரவு செய்யப் பணித்தார் அன்னையார்.

இவ்வூரின் பெயரை நிலைநிறுத்தியது கத்தரிக்கோல் என்பேன். நான்கு சுவிசேஷங்களின் அச்சுத் தாள்களை நறுக்கி, நிகழ்ச்சிகளை முறைப்பட ஒட்டி, ஒரே சரிதமாக அமைத்தனர் அக்குடும்பத்தார். நிக்கலஸின் மருமக்களாகிய பெண்களே அதனிற் பெரிதும் உழைத்தனர். புத்தகத்தில் ஒரு தாள் கிழியினும் தண்டம் இறுக்கும் மாணவராகிய நமக்கு இது விந்தையே! முதலாம் சார்லஸ் மன்னர் ஒரு பிரதியை இரவலாகப் பெற்றுப் படித்து, தமக்கும் ஒன்று வேண்டுமென்றார்.

நிக்கலஸ் 1637-இல் இறந்தார். அவர்தம் தமையனாரும் தமக்கையாரும் 1657-இல் மறையவே அவ்வில்லறக் கூட்டம் கலைந்தது. அவர்கள் வாழ்ந்த மாளிகை இன்றில்லை. ஆலய வாயிலின் முன்னர் நிக்கலஸின் கல்லறை உளது. ஒட்டிய நூல்களுட் சில லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.