புறப்படுமுன் சோதித்துப் பாருங்கள்

இந்த மாதப் பாடம் லாரி ஓட்டுகிற சகோதரருக்கும், அவர்களை வழியனுப்பி வைக்கிற குடும்பத்தாருக்கும், சொந்தமாய் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கும் உரியது. நம்முடைய கோட்டக்குப்பத்திலும், வானூர், மரக்காணம், திண்டிவனம் பக்கத்திலும் எத்தனை குடும்பங்கள் இந்தத் தொழிலை நம்பிப் பிழைக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். மரக்காணத்து உப்பு, திருவக்கரைப் பக்கத்துக் கருங்கல் ஜல்லி, கடலோரத்துச் சவுக்குக் கட்டை எல்லாம் லாரி ஏறித்தான் வெளியூர் போகின்றன. நானும் 26 வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன். ஆகவே கேட்டதைச் சொல்லவில்லை, செய்ததைச் சொல்லுகிறேன்.

"நேத்து ராத்திரி நல்லாத்தானே வந்துச்சு, இன்னிக்குக் காலையில என்னத்தைப் பார்க்கணும்?" என்று கேட்கிற வாலிபத் தம்பிகள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் நம்முடைய ஊரின் தரையிலேயே இருக்கிறது. கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போனாலும் சரி, திண்டிவனம் போய் விழுப்புரம் இறங்கினாலும் சரி, எல்லாம் ஏறக்குறைய சமதளம். சமதளத்தில் பாதி பிரேக் இருந்தாலும் வண்டி நின்றுவிடும். அதனால் குறை இருக்கிறதே தெரியாது. அதே வண்டி சேலம், தர்மபுரி போய்விட்டுத் திரும்பும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் உண்மையைச் சொல்லும். அந்த இடத்தில் தெரிந்து என்ன பிரயோஜனம்?

தொப்பூரில் நடந்தது மறக்கக்கூடியதா? 2020 டிசம்பர் 12-ஆம் தேதி இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி முன்னே நின்ற பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களில் மோதிற்று. 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் அதே இறக்கத்தில் இன்னொரு விபத்து, அதிலும் 4 பேர். அந்தக் கணவாயில் ஒவ்வொரு முறையும் இரண்டு காரணங்களே அதிகமாய்ச் சொல்லப்படும். ஒன்று, பிரேக் பிடிக்கவில்லை. மற்றது, டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினார்கள். இரண்டாவது டிரைவருடைய புத்தியைப் பொறுத்தது, அதைப் பற்றி இன்னொரு மாதம் பேசலாம். முதலாவதைப் புறப்படும்போதே பார்த்திருக்க முடியுமா என்பதுதான் இன்றைய பாடம்.

பெரும்பாலும் முடியும். எப்படி என்று கவனியுங்கள். லாரியில் காற்றுதான் பிரேக்கை இயக்குகிறது. பெடலை மிதித்தால் டேங்கில் அடைந்திருக்கிற காற்று சக்கரத்துப் பக்கம் போய் ஒரு கம்பியைத் தள்ளும். அந்தக் கம்பி ஸ்லாக் அட்ஜஸ்டர் என்கிற கையைத் திருப்பும். அது லைனிங்கை டிரம்மோடு சேர்த்து அழுத்தும். லைனிங் தேயத் தேயக் கம்பி அதிக தூரம் போகவேண்டியதாகிறது. இறக்கத்தில் டிரம் சூடாகும்போது இரும்பு விரிகிறது, அப்பொழுது கம்பி இன்னும் அதிக தூரம் போகணும். காலையில் ஏற்கெனவே கடைசி எல்லையில் இருந்த கம்பிக்கு இறக்கத்தில் மேற்கொண்டு போக இடம் கிடையாது. பெடல் மிதிபடும், காற்றும் இருக்கும், வண்டி நிற்காது. அளவுக்கு மிஞ்சி லோடு ஏற்றினவனுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். "திடீர்னு பிரேக் போயிடுச்சு" என்று சொல்லுகிறோமே, அதில் பல திடீர்கள் பல நாளாய் வளர்ந்தவை.

ஆகவே ஷெட்டிலிருந்து வண்டி எடுக்குமுன் 15 நிமிஷம் ஒதுக்குங்கள். முதலில் தரையைப் பாருங்கள். ராத்திரி நின்ற இடத்தில் கறுப்பாய்ச் சொட்டியிருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையோ சிவப்போ நிறமாயிருந்தால் ரேடியேட்டர் கூலண்டாக இருக்கலாம். சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் அதைச் சாதாரணமாய் விடாதீர்கள். ஹப் சீல் போய் எண்ணெய் லைனிங்கில் இறங்குகிறது என்று அர்த்தம். எண்ணெய் பட்ட லைனிங் வழுக்குமே தவிரப் பிடிக்காது.

பிறகு ஏர் டேங்க். டேங்குக்கு அடியில் இருக்கிற வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். நமக்கு இது மற்ற ஊர்க்காரரைவிட முக்கியம், ஏனென்றால் கடற்காற்றில் ஈரம் அதிகம், அந்த ஈரம்தான் கம்பிரசர் வழியாய் உள்ளே போய்த் தண்ணீராய்த் தங்குகிறது. தங்கின தண்ணீர் டேங்கையும் வால்வுகளையும் துருப்பிடிக்க வைக்கும். புது வண்டிகளில் ஏர் டிரையர் இருக்கிறது, அதனால் தண்ணீர் வரக்கூடாது. வந்தால் டிரையருடைய கார்ட்ரிஜ் மாற்றுகிற காலம் வந்துவிட்டது. தண்ணீரோடு எண்ணெயும் கலந்து பால்போல வந்தால் கம்பிரசர் தேய்ந்திருக்கக்கூடும், மெக்கானிக்கிடம் காட்டணும்.

இதன் பின்பு வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காற்று முழுசாய் ஏறவிடுங்கள். பெரும்பாலான லாரிகளில் முள் 7-லிருந்து 8 கிலோ வரை போய் நிற்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடியுங்கள். முள் இறங்குகிறதா பாருங்கள். அமெரிக்காவில் லாரி லைசென்ஸ் பரீட்சையிலேயே இதைச் செய்துகாட்ட வேண்டும். தனி லாரிக்கு ஒரு நிமிஷத்தில் 3 பி.எஸ்.ஐ., நம்முடைய கணக்கில் ஏறக்குறைய 0.2 கிலோ, அதற்குமேல் இறங்கக்கூடாது என்பது அங்கே வைத்திருக்கிற அளவு. நம்முடைய வண்டியில் முள் கண்ணுக்குத் தெரிய இறங்கிக்கொண்டே போனாலோ, எங்கேயோ "உஸ்" என்று சத்தம் கேட்டாலோ, அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் வண்டி எடுக்கவேண்டாம்.

உப்பு ஏற்றுகிற சகோதரருக்குத் தனியாய் ஒரு வார்த்தை. உப்பு லோடிலிருந்து வடிகிற தண்ணீர் சேஸிஸ், பிரேக் பைப், வயரிங் எல்லாவற்றின் மேலும் இறங்குகிறது. மேலே பெயிண்ட் பளபளப்பாய் இருக்கும், உள்ளே பைப் அரித்துப்போயிருக்கும். லோடு இறக்கினதும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவணும். காலையில் பைப்புகளைக் கையால் தடவிப் பார்க்கணும். பின் லைட்டின் எர்த் வயர் உப்பில் பச்சை பூத்துப்போனால் பிரேக் லைட் மங்கலாய் எரியும், சில நாள் எரியவே எரியாது. ராத்திரி நேரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பின் லைட் இல்லாமல் நிற்கிற லாரியில் வேகமாய் வருகிற கார் நுழைந்துபோன கோரத்தை நான் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் கிளீனர் பின்னாலே நின்று "எரியுது அண்ணே" என்று சொல்லுவான். இப்பொழுது அநேக வண்டிகளில் கிளீனரே கிடையாது, டிரைவர் தனியாய்ப் போகிறார். அப்படிப்பட்டவர்கள் இருட்டு விலகுமுன் வண்டியின் பின்பக்கம் ஒரு சுவரைப் பார்த்து இருக்கும்படி நிறுத்தி, பெடலை மிதித்துக் கண்ணாடியில் பார்த்தால் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று தெரிந்துவிடும். ஒளிரும் ஸ்டிக்கரில் படிந்த புழுதியையும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள்.

டிப்பர் ஓட்டுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. குவாரியில் பின் ஜோடி டயருக்கு நடுவே கல் மாட்டிக்கொள்ளும். அது ரோட்டில் தெறித்தால் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் கதி என்ன? தெறிக்காமல் இருந்தாலும் டயரை அறுத்துவிடும். டயர்களைக் கம்பியால் தட்டிப் பார்க்கிற பழைய பழக்கத்தை விடாதீர்கள். காற்று நிறைந்த டயர் "டங்"கென்று கம்பியைத் திருப்பி அடிக்கும், காற்று இறங்கினது "தொப்"பென்று வாங்கிக்கொள்ளும். ஜோடியில் உட்பக்க டயர் இறங்கியிருந்தால் வெளியே இருந்து கண்ணுக்குத் தெரியாது, தட்டினால்தான் தெரியும். கேஜ் வைத்து அளந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கணும். ஓடினபின் சூட்டில் காற்று ஏறிக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக்கூடாது. டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. வீல் நட்டைச் சுற்றித் துரு ஒழுகின கோடு தெரிந்தால் நட்டு தளர்ந்து ஆடுகிறது என்று சந்தேகப்படணும். ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறதா, யு போல்ட் இறுக்கமாய் இருக்கிறதா என்று குனிந்துதான் பார்க்கமுடியும். மற்றபடி ஸ்டியரிங் ஆட்டம், ஹாரன், வைப்பர், கண்ணாடி, ஸ்டெப்னி, தார்ப்பாய்க் கயிறு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பி.எஸ். 6 வண்டியானால் யூரியாத் தண்ணியின் அளவையும் பாருங்கள். அது தீர்ந்தால் வண்டி இழுவை குறைந்து நடுரோட்டில் நிறுத்திவிடும்.

வண்டி எடுக்குமுன் முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறவர் உண்டு, துஆ ஓதுகிறவர் உண்டு, நாம் ஜெபம்பண்ணிவிட்டு ஏறுகிறோம். ஜெபம் பண்ணுங்கள். ஆனால் கண்ணை மூடின பிறகு திறக்கணும் அல்லவா? திறந்த கண்ணோடு வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். கையில் டார்ச் இருக்கட்டும்.

இதுவரை சொன்னதை அநேக டிரைவர்கள் அறிவார்கள். அறிந்தும் ஏன் செய்கிறதில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அதை ஒத்துக்கொள்ளமாட்டேன். பார்த்துச் சொன்னால் என்ன நடக்கிறது? "லோடு காத்திருக்கு, இந்த டிரிப் போயிட்டு வா, அப்புறம் பார்த்துக்கலாம்." இரண்டு முறை இதைக் கேட்டவன் மூன்றாம் முறை குனியவே மாட்டான். கண்டுபிடித்தும் சரிசெய்யப்படாத குறையை எதற்குக் கண்டுபிடிக்கணும்? என்னோடு வேலை செய்த ஒருவர் லைனிங் தேய்ந்துபோனதைச் சொன்னதற்காக அடுத்த டிரிப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். டிரிப்புக்குத்தானே படி? வீட்டில் அடுப்பெரியணுமே.

ஆகவே முதலாளிமார்களே, இந்தப் பகுதியை நீங்கள் இரண்டு தடவை வாசியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 190-ஆம் பிரிவு ஓட்டுகிறவனை மட்டும் பிடிக்கிறதில்லை. ஆபத்தான குறையுள்ள வண்டியை ஓட்டச் செய்கிறவரையும், ஓட்ட விடுகிறவரையும் பிடிக்கிறது. "எனக்குத் தெரியாதே" என்றும் தப்பமுடியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே குற்றம். 2019 திருத்தத்தின்படி இதற்கு அபராதம் 1,500 ரூபாய். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து ஒருவருக்குக் காயமோ சொத்துக்குச் சேதமோ உண்டானால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எப்.சி. இருக்கிறதே என்கிறீர்களா? 8 வருஷத்துக்குட்பட்ட வண்டிக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேற்பட்டதற்கு வருஷம் ஒருமுறை எப்.சி. கொடுக்கிறார்கள். அது அந்த நாளில் வண்டி இருந்த நிலைமைக்குச் சாட்சி, இன்று காலைக்கு அல்ல.

இங்கிலாந்தில் பாத் என்கிற ஊரில் 2015 பிப்ரவரி 9-ஆம் தேதி செங்குத்தான ஒரு தெருவில் இறங்கின டிப்பர் லாரி பிரேக் பிடிக்காமல் ஓடி, 4 வயதுப் பெண்குழந்தையையும் காரில் இருந்த 3 பேரையும் கொன்றது. ஓட்டினவன் லைசென்ஸ் வாங்கிச் சில நாட்களே ஆன வாலிபன். விசாரணையில் அந்த வண்டியின் பிரேக்குகள் பராமரிக்கப்படாமல் கிடந்தது வெளிவந்தது. அந்த வாலிபனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தார்கள். கம்பெனி முதலாளிக்கு ஏழரை வருஷமும், மெக்கானிக்குக்கு 5 வருஷம் 3 மாதமும் சிறைத் தண்டனை 2017 ஜனவரியில் விதிக்கப்பட்டது. அந்த நாட்டில் டிரைவர் தினமும் வண்டியைச் சுற்றிப் பார்க்கணும், கண்ட குறையை எழுதிக் கொடுக்கணும், கம்பெனி அந்தக் காகிதத்தை 15 மாதம் பத்திரமாய் வைத்திருக்கணும்.

நமக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, கிலோமீட்டர், கண்ட குறை, யாரிடம் சொன்னோம், எப்போது சரியாயிற்று, கையெழுத்து. குறையைப் போனில் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பிவிட்டு, அனுப்பின நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். எழுதினதைத் தட்டிக்கழிப்பது வாயால் சொன்னதைத் தட்டிக்கழிப்பதைப்போலச் சுலபமல்ல. பெரிய குறையாயிருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு நில்லுங்கள். அந்த நாளின் படி போகும். சகோதரிகளே, அப்படி உங்கள் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வீடு வந்தால் முகம் சுளிக்காமல் சாப்பாடு போடுங்கள். அந்த 15 நிமிஷத்தில் போன் பண்ணி "இன்னும் கிளம்பலையா" என்றும் அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று. புறப்பட்டு முதல் டீக்கடை நிறுத்தத்தில், நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் திண்டிவனமாயிருக்கும், இறங்கினதும் ஒவ்வொரு சக்கரத்தருகேயும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடவேண்டாம், சுடும். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாய்க் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது, அல்லது பேரிங் போகிறது. மற்றதெல்லாம் சூடாயிருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. டயர் மாற்றின வண்டியானால் அங்கேயே வீல் நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். திண்டிவனத்தில் மெக்கானிக் ஷெட் காலையிலேயே திறந்திருக்கும், காட்டிவிட்டுப் போகலாம்.