பாங்காக் தெருக்கடையில் பயமில்லாமல் சாப்பிட

2017 டிசம்பரில் பாங்காக்குக்கான முதல் மிச்செலின் வழிகாட்டி வந்தபோது, கரி அடுப்பில் நண்டு ஆம்லெட் பொரிக்கும் ஜே ஃபாய் என்ற அம்மாவின் கடைக்கும் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. இன்று அங்கே வரிசையும் பெரிது, விலையும் பெரிது. நமக்கு அது வேண்டாம். 60, 70 பாட் கொடுத்தால் வயிறு நிறைய நூடுல்ஸ் தரும் தள்ளுவண்டிகள் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. எந்த வண்டியில் உட்காருவது, என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் நேரம். திங்கட்கிழமை பல இடங்களில் நடைபாதைக் கடைகளுக்கு விடுமுறை. சைனா டவுனான யாவரத் சாலையே அன்று வெறிச்சோடிக் கிடக்கும். மற்ற நாட்களில் அங்கே மாலை ஆறுக்கு மேல்தான் களைகட்டும். தட்டு தட்டாகக் குழம்பும் பொரியலும் பரப்பி வைத்து, சோற்றின் மேல் ஊற்றித் தரும் கடைகளுக்கு மட்டும் மதியம் பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். பெரும்பாலும் காலையில் சமைத்தது அது. மூன்று மணிக்கு அதே குழம்பு ஆறிப்போய் உட்கார்ந்திருக்கும். சமைத்ததைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பாங்காக் வெயிலுக்கு அதுவே அதிகம்.

அடுத்து, கடையைத் தேர்வு செய்வது. ஒரே ஒரு பண்டம் செய்கிற கடைக்குத்தான் என் ஓட்டு. நாற்பது படங்கள் போட்ட பலகை தொங்கினால் அங்கே எல்லாச் சரக்கும் அன்றன்றைக்குத் தீராது. கூட்டத்தையும் பாருங்கள், ஆனால் யார் கூட்டம் என்று பாருங்கள்: கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் அலுவலகப் பெண்கள், பிள்ளையோடு வந்த அம்மா என்றால் தைரியமாக உட்காரலாம். கழுத்தில் கேமரா தொங்கும் கூட்டம் கணக்கில் வராது. காவ்சான் சாலையில் குச்சியில் குத்தி விற்கும் தேள், சும்மா படம் எடுப்பதற்கே காசு கேட்கிற சமாசாரம், விட்டுத்தள்ளுங்கள். குழம்புப் பானை கொதிக்கிறதா, இறைச்சி ஐஸ்மேல் இருக்கிறதா, காசு வாங்கும் கையே நூடுல்ஸையும் அள்ளுகிறதா என்று இரண்டு நிமிடம் நின்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இனி ஆர்டர். நூடுல்ஸ் வண்டியின் கண்ணாடிப் பெட்டிக்குள் நூடுல்ஸ் வகை வகையாகக் குவிந்திருக்கும். நூல் மாதிரி மெல்லியது சென் மீ, கொஞ்சம் பட்டையானது சென் லெக், நாடா மாதிரி அகலமானது சென் யாய், மஞ்சளாக இருப்பது முட்டை சேர்த்த பா மீ. எது என்று விரலால் காட்டுங்கள். சூப்போடு வேண்டுமானால் ‘நாம்’, சூப் இல்லாமல் வேண்டுமானால் ‘ஹேங்’. பிறகு இறைச்சி: கய் கோழி, மூ பன்றி, நுவா மாடு. ஆண்கள் கடைசியில் ‘க்ராப்’ என்றும் பெண்கள் ‘கா’ என்றும் சேர்த்தால் மரியாதை. மாடும் பன்றியும் ஆகாதவர்கள் கோழி கேட்டால் மட்டும் போதாது. சூப்பே பன்றி எலும்பில் கொதித்ததாக இருக்கலாம். படகு நூடுல்ஸ் என்ற கருஞ்சிவப்புச் சூப்பில் இரத்தமும் கலப்பார்கள். ஹலால் பலகை வைத்த முஸ்லிம் கடைகளில் பன்றிக் கவலை இல்லை.

கிண்ணம் வந்ததும் மேஜையில் நான்கு குப்பிகள் இருக்கும்: சர்க்கரை, மீன் சாறு, வினிகரில் ஊறிய மிளகாய், வறுத்த மிளகாய்த்தூள். சமைத்தவர் பாதியில் நிறுத்தியதை நாம் முடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். முதலில் ஒரு வாய் சூப்பைக் குடித்துப் பாருங்கள், பிறகு ஒவ்வொன்றிலும் கொஞ்சம். நூடுல்ஸில் சர்க்கரையா என்று முகம் சுளிக்காமல் அரைக் கரண்டி போட்டுத்தான் பாருங்கள், புளிப்பும் காரமும் ஒரு நிலைக்கு வரும். சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்குத்தான். சோறு என்றால் வலது கையில் ஸ்பூன், இடது கையில் அதன்மேல் தள்ள ஃபோர்க்.

சைவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். வெறும் கீரை வதக்கலிலும் மீன் சாறோ சிப்பிச் சாறோ விழும். ‘மை சை நாம் ப்லா’ என்றால் மீன் சாறு போடாதீர்கள் என்று பொருள். ஆனால் கடாயில் முன்பு வதங்கியதை யாரும் கழுவப் போவதில்லை. நிம்மதியாகச் சாப்பிட, மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் ‘ஜே’ கடைகளைத் தேடுங்கள். அந்தத் தாய் எழுத்து நம் கண்ணுக்கு 17 என்ற எண் மாதிரி தெரியும். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் இல்லை.

காரத்தில் ஆந்திராவை ஜெயித்தவர்களும் பப்பாளிக்காயை உரலில் இடித்துத் தரும் சோம் தாமிடம் பணிவாக இருக்கவும். எத்தனை மிளகாய் என்று இடிக்கும் முன்பே சொல்லலாம், ஒன்றில் தொடங்குங்கள். ‘சோம் தாம் தாய்’ என்று கேட்டால் நிலக்கடலையும் காய்ந்த இறாலும் சேரும். பச்சை நண்டும் நொதித்த மீனும் சேர்கிற மற்ற வகைகளை முதல் நாளே தொட வேண்டாம். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள், அதைத் தாய் எழுத்தில் எழுதிய சீட்டைப் பையில் வைத்திருப்பது அவசியம்.

ஐஸ் விஷயத்தில் நடுவில் ஓட்டையுள்ள உருளைக் கட்டி தொழிற்சாலையில் செய்தது, பெரும்பாலும் பயமில்லை. பாளத்தை உடைத்துப் போட்ட ஐஸைத் தவிர்க்கலாம்.

20, 50, 100 பாட் நோட்டுகளாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் பாவம், அந்த அம்மா பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டும். செவன் இலெவனில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி மாற்றிவிடுங்கள்.

ஊரிலிருந்தே நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் எடுத்துச் செல்லுங்கள். வயிறு கலங்கினால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, வாய் வாயாகக் குடிக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ மருந்துக்கடையோடு நிற்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பயணக் காப்பீட்டுத் தாளையும் கையோடு கொண்டு போங்கள்.