யோப்பா பட்டணத்து அர்ச். இராயப்பர் ஆலயம்



இஸ்ராயேல் நாட்டின் மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் யோப்பா மிகப் பழமையான துறைமுகப் பட்டணம். சாலமோன் அரசர் தேவாலயம் கட்டுவதற்கு லீபான் மலையின் கேதுரு மரங்கள் கடல் வழியாய் வந்து இறங்கியது இங்கேதான். யோனாஸ் தீர்க்கதரிசி தேவ கட்டளைக்குத் தப்பியோடக் கப்பலேறியதும் இங்கேதான். யாபா என்றும் வழங்கும் இப்பட்டணம் 1950-ம் ஆண்டில் தெல் அவீவ் நகரோடு இணைக்கப்பட்டது.

பட்டணத்து மேட்டின்மேல் உயர்ந்த மணிக்கூண்டோடு நிற்கிறது அர்ச். இராயப்பர் ஆலயம். அதை அடுத்திருப்பது பிரான்சிஸ்கு சபைத் துறவிகளின் மடம். 13-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர் அர்ச். லூயிஸ் பலப்படுத்திய கோட்டை இருந்த இடம் இது. அவருடைய சுரூபம் ஆலய முற்றத்தில் இருக்கிறது. 1654-ல் துறவிகள் இங்கே ஆலயம் எழுப்பினார்கள். கப்பல்கள் பாறைகளுக்கு அப்பால் நங்கூரமிட, எருசலேமுக்குப் போகும் யாத்திரிகர் சிறு படகுகளில் கரையேறி மடத்தில் இளைப்பாறுவார்கள். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆலயம் இருமுறை இடிபட்டது; மீண்டும் கட்டினார்கள். இப்போது நாம் காணும் ஆலயம் 1888-க்கும் 1894-க்கும் இடையில் எழுந்தது.

இந்த இடத்துக்கு இவ்வளவு மகிமை ஏன்? அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தின் 9, 10-ம் அதிகாரங்களை எடுத்து வாசியுங்கள்.

ஏழை விதவைகளுக்கு ஆடை தைத்துக் கொடுத்த தபித்தாளை அர்ச். இராயப்பர் உயிர்ப்பித்தது யோப்பாவில்தான். பிறகு அவர் பல நாள் தங்கியது எங்கே? தோல் பதனிடும் சீமோன் வீட்டில். செத்த மிருகங்களின் தோலைத் தொடும் அத்தொழிலை யூதர் தாழ்வாய் எண்ணினார்கள். அவன் வீடும் கடலோரத்தில் இருந்தது. அப்போஸ்தலர்களின் தலைவர் அவ்வாசலை மிதிக்கக் கூசவில்லை.

ஆனாலும் அவர் கடக்க வேண்டிய வாசல் இன்னொன்று இருந்தது. நண்பகலில் மேல்மாடியில் செபிக்கையில், எல்லா வித மிருகங்களும் நிறைந்த துப்பட்டி ஒன்று வானினின்று இறங்கக் கண்டார். அடித்து உண்ணும்படி குரல் சொல்ல, தீட்டானதை உண்டறியேன் என்று மறுத்தார். மும்முறை அவ்வாறே நடந்தது. அவர் பொருள் புரியாமல் திகைத்திருக்கும்போதே, செசாரேயாவிலிருந்து உரோமைப் படைத்தலைவன் கொர்னேலியுஸ் அனுப்பிய மூன்று பேர் வாசலில் நின்றார்கள். இராயப்பர் அவர்களை உள்ளே அழைத்து உபசரித்தார். மறுநாள் அவர்களோடு புறப்பட்டார். அங்கே புறஜாதியார் ஞானஸ்நானம் பெற்றார்கள். எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது என்பதே காட்சியின் பொருள்.

நம் நாட்டிலோ, கோவிலுக்குள்ளே சுவரும் கிராதியும் வைத்து, ஒரே நன்மை வாங்கிய மக்களைச் சாதிவாரியாய்ப் பிரித்த காலம் இருந்தது. அச்சுவர்கள் விழுந்தன. ஆனால் நம் வீட்டுத் திண்ணையிலும், பெண் கொள்வதிலும் கொடுப்பதிலும், சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும் அந்தச் சுவர் விழுந்துவிட்டதா? நல்லவரான சீமோன் வீட்டு விருந்தாளிக்கே மும்முறை சொல்ல வேண்டியிருந்தது. நமக்கு எத்தனை முறையோ!

இவ்வாரம் வீட்டில் செபமாலை முடிந்தபின் பேசுங்கள்:

1. இராயப்பர் காட்சி கண்டது யாருடைய வீட்டில்? அவன் தொழில் என்ன?

2. துப்பட்டி மும்முறை காட்டப்பட்டது ஏன்?

3. நம் வீட்டு வாசலுக்குள் நாம் இதுவரை அழைக்காதவர் யார்? அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவரை அழைப்போமா?